ஆறாம் குழியில் மணி அடிக்கவில்லை

மகளைப் பெண் பார்க்கக் கோயிலுக்கு வரச் சொன்னால் ரஜனியிடம் அதற்கென்று ஒரு சேலை இருந்தது. ஹோட்டலுக்கு வரச் சொன்னால் அதற்கு வேறொன்று. முகத்துவாரத்துப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு வரச் சொன்னால் என்னத்தை உடுப்பது? யோசித்து யோசித்துக் களைத்துப்போய், இருந்ததில் விலை கூடிய காஞ்சிபுரத்தையே எடுத்து உடுத்தினார்.

"பெடியன் கோல்ஃப் விளையாடுறவனோ?" என்று கேட்டார் கணவர் கிருபாகரன், சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி.

"விளையாடுறது இல்லை. மைதானம் கீறுறவர். ஸ்கொட்லாந்திலை அதுக்கெண்டே படிச்சவர்."

"கீறுறது எண்டால்? புல்லு வெட்டுறதோ?"

"இஞ்சருங்கோ, அங்கை வந்து இப்பிடி ஒண்டும் கேட்டு வைக்காதையுங்கோ."

உண்மையில் ரஜனியும் இதே கேள்வியைத்தான், கொஞ்சம் மரியாதையாக, மாப்பிள்ளையின் மாமி, தகப்பனின் தங்கச்சி றேணுகாவிடம் தொலைபேசியில் கேட்டிருந்தார். றேணுகாவுக்கும் சரியாகத் தெரியவில்லை. "அவன் கடதாசியிலை மேடு பள்ளம் கீறுவான் ரஜனி. நல்ல சம்பளம்" என்று மட்டும் சொன்னார். பெடியன் விடுமுறையில் கொழும்புக்கு வந்திருக்கிறானாம். இந்த மைதானத்தை எப்படியும் பார்க்கத்தான் வேண்டுமாம். பெண்ணையும் அங்கேயே சந்தித்தால் என்ன என்று கேட்கிறானாம். வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் ரஜனி தொலைபேசியை வைத்திருப்பார். ஆனால் மகள் உஷாந்திக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. இதற்கு முன் நான்கு சம்பந்தங்கள் வாசல்வரை வந்து திரும்பியிருந்தன.

நான்கும் ஏன் திரும்பின என்பது வெள்ளவத்தையில் அவர்களுடைய தொடர்மாடியில் ரஜனியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். உஷாந்தியிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் ரஜனியின் வாயிலிருந்துதான் வரும். சமைக்கத் தெரியுமா, வெளிநாடு பிடிக்குமா, என்ன படம் பார்ப்பாய், எல்லாவற்றுக்கும். கடைசியாக வந்த சிட்னிப் பல்வைத்தியர் போகும்போது தரகரிடம், "அந்த அம்மாவுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டுதே, இல்லாட்டி யோசிக்கலாம்" என்றாராம். தரகர் அதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு எல்லோரிடமும் சொன்னார்.

வாடகை வேன் கொட்டாஞ்சேனையைத் தாண்டி, மட்டக்குளிப் பக்கமாகப் போய், ஒரு சந்தியில் தடுமாறி நின்றது. சாரதி ஒரு முச்சக்கரவண்டிக்காரனிடம் சிங்களத்தில் வழி கேட்டான். அவன் முதலில் முழித்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆ! எளு பிட்டனிய!"

"என்னவாம்?" என்றார் ரஜனி.

"ஆட்டு மைதானமாம் அம்மா," என்றாள் உஷாந்தி. அவள் சிரிக்காமலிருக்கப் படுகிற பாடு கண்ணாடியில் தெரிந்தது.

ஆடுகள் உண்மையிலேயே நின்றன. அஸ்பெஸ்டஸ் கூரை போட்ட ஒரு கொட்டில், அதற்கு முன்னால் வெயிலில் வெளிறிய ஒரு கொடி, அதற்கப்பால் ஆறும் கடலும் ஒன்றாகிற இடம்வரைக்கும் வெறும் வெளி. மருந்துக்கும் ஒரு மரமில்லை. புல் பச்சையாக இல்லாமல் மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தது. நிலம் முழுவதும் மேடும் பள்ளமும். யாரோ இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டுத் தட்டாமல் போட்ட மெத்தை மாதிரி. காற்றோ, வேன் கதவைத் திறந்த கணமே ரஜனியின் தலைமயிரைக் கலைத்து, சேலைத் தலைப்பைப் பிடுங்கி, கிருபாகரனின் முகத்தில் போர்த்தியது.

"இதுவோ?" என்றார் ரஜனி. தொலைக்காட்சியில் அவர் கண்டிருந்த கோல்ஃப் மைதானங்களில் குளமும் பூஞ்செடியும் இருந்தன.

றேணுகா மாமி ஏற்கெனவே வந்திருந்தார். குடை தலைகீழாக மடங்கிப்போய் கையில் ஒரு கம்பியும் துணியும் மட்டும் மிச்சம். "நான் சொன்னனான், ஹோட்டல் ஒண்டிலை சந்திப்பம் எண்டு. கேக்கிறானே?"

மாப்பிள்ளை நிரோஷன் மாநிறமாய், நெடுவலாய், வெயிலில் கருகிய மூக்கோடு இருந்தான். வணக்கம் சொன்னான், கிருபாகரனின் கையைக் குலுக்கினான், உஷாந்தியைப் பார்த்து ஒருமுறை சிரித்தான். அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. கண் மைதானத்துக்குப் போய்விட்டது. "அன்ரி, ஒரு பட்டியலிலையும் இது இல்லை. ஒருத்தரும் எழுதினதில்லை. நான் ஒரு கப்பல்காரர் இன்ரநெற்றிலை போட்ட படத்திலை கண்டு நித்திரை கொள்ளேல்லை."

"அழகாத்தான் இருக்கு தம்பி," என்றார் ரஜனி, ஒரு ஆடு அவருடைய செருப்பை முகர்வதைப் பார்த்தபடி.

அப்போது கொட்டிலிலிருந்து ஒருவர் தொப்பியை ஒரு கையால் அமத்திக்கொண்டு ஓடிவந்தார். ஜாபிர். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். இந்தக் கழகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரேதான். மற்ற உறுப்பினர்களை எண்ணினால் ஒரு முச்சக்கரவண்டிக்குள் ஏற்றலாம்.

"வாங்க, வாங்க! விளையாட ஆள் வந்து எவ்வளவு நாள்! மெடம், பயப்படவாணாம், ஆடு ஒண்டும் செய்யாது. அதுகள்தான் புல்லு மேய்ஞ்சு குடுக்கிற. நாங்க மெசின் வாங்கல்ல."

"அருமை," என்றான் நிரோஷன் முணுமுணுப்பாக.

மைதானத்தில் மொத்தம் ஒன்பது குழிகள்; தூரத்திலிருந்து பந்தை அடித்து அடித்து ஒவ்வொன்றிலும் விழுத்த வேண்டும். முதல் குழியில் ஜாபிர் கடன் கொடுத்த கோல்ஃப் பொல்லால் நிரோஷன் ஒரு அடி அடித்தான். பார்க்க நல்லாயிருந்தது. பந்து வானத்தில் உயர உயரப் போய், ஒரு கணம் நின்று யோசித்து, காற்றோடு திரும்பி, அவர்களுடைய தலைகளுக்கு மேலால் பறந்து கொட்டில் கூரையில் 'டங்' என்று விழுந்தது.

றேணுகா மாமி கண்ணை மூடிக்கொண்டார். ரஜனி, பெடியனுக்கு வேலை தெரியாது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். நிரோஷனோ பரிசு கிடைத்த பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

"தம்பி, மேல அடிச்சா அது காத்துக்குச் சொந்தம்," என்றார் ஜாபிர் பெருமையோடு. "கீழாலே அடிங்க."

அடுத்த பந்தை நிரோஷன் முழங்காலுக்கு மேல் எழும்பாமல் தட்டினான். அது காய்ந்த நிலத்தில் துள்ளி, ஒரு மேட்டில் ஏறி, மறுபக்கம் சறுக்கி, யாரும் நினைக்காத தூரத்துக்கு ஓடியது. "இதுதான் விசயம்," என்று உஷாந்தியிடம் சொன்னான். "மற்ற மைதானங்களிலை பந்து எங்கை விழுது எண்டுதான் பாக்கிறது. இஞ்சை விழுந்தாப் பிறகு எங்கை ஓடும் எண்டு யோசிக்கோணும். நிலமும் சேந்து விளையாடும். உங்களுக்கு விளையாட்டு ஏதும் பிடிக்குமோ?"

"அவ பள்ளிக்கூடத்திலை நெற்போல் கப்டன்," என்றார் ரஜனி.

உஷாந்தி திறந்த வாயை மூடினாள்.

இரண்டாம் குழியில் ஆள் மறைகிற ஆழத்துக்கு ஒரு மணற்கிடங்கு இருந்தது. உஷாந்தி கட்டடம் கட்டுமுன் நிலத்தைத் துளைத்து மண் பார்க்கிற கொம்பனி ஒன்றில் எஞ்சினியர். கிடங்கைக் கண்டதும் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. விளிம்பில் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்துகூடப் பார்த்தாள். ரஜனி அவசரமாகக் கிட்ட வந்தார்.

"என்ன தெரியுது?" என்று கேட்டான் நிரோஷன், தானும் குந்தி.

"அவ வேலையிலை சரியான கெட்டிக்காரி," என்றார் ரஜனி மேலே நின்று. "போன வருசம்தான் பதவி உயர்வு. மண்ணெண்டால் அவவுக்கு உயிர். ஆனா வீட்டிலை சரியான சுத்தம்."

"எந்த மழைக்கும் இதிலை தண்ணி நிக்காது எண்டு நினைக்கிறன், என்ன?" என்று நிரோஷன் மறுபடியும் உஷாந்தியைத்தான் கேட்டான்.

"நிக்காது, நிக்காது," என்றார் ரஜனி.

மூன்றாம் குழியிலும் இதே கதைதான். நிரோஷன் கேட்பான், ரஜனி சொல்லுவார், காற்று அதில் பாதியைக் கொண்டுபோகும். உஷாந்தி கைகளைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்க்கத் தொடங்கினாள். அந்தப் பார்வையைச் சிட்னிப் பல்வைத்தியரும் கண்டிருந்தார். கிருபாகரனுக்கு அதன் அர்த்தம் தெரியும். பெருமூச்சு விட்டார். அதையும் காற்று கொண்டுபோயிற்று.

நான்காம் குழியில்தான் கதை திரும்பியது.

குழியிருந்த இடம் கிண்ணம் மாதிரி. முன்னால் ஒரு மேடு, இடப்பக்கம் சாய்ந்த வரம்பு. நிரோஷனின் பந்து கீழே கிடந்தது, மேடு குழியை மறைத்தது. நிரோஷனும் ஜாபிரும் பந்தைச் சுற்றிச் சுற்றி வந்து, குந்திப் பார்த்து, காற்றுக்குப் புல்லைப் பிய்த்து எறிந்து, மறுபடியும் குந்தினார்கள். சாதகம் பொருந்தியதைப் பற்றிக் கதைக்க நேரமாகிறதே என்று ரஜனிக்கு அந்தரம். பொறுமை போய்விட்டது.

"ஏன் தம்பி நேர அடிக்கப் பாக்கிறியள்? உந்த வரம்பிலை பட்டுத் திரும்பி வரட்டுமே."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"கரம்போட் விளையாடேக்கை அப்பிடித்தானே," என்றார் ரஜனி. "காய் மறைஞ்சு கிடந்தால் கட்டையிலை அடிச்சு எடுக்கிறது."

கரம் விளையாட்டில் ரஜனி ஒரு காலத்தில் பாடசாலைச் சம்பியன். கல்யாணத்தோடு கரம் பலகை அலுமாரிக்கு மேலே ஏறி, அதன்மேல் பழைய பயணப் பெட்டிகள் ஏறின. மகளுக்கே இது தெரியாத புதினம். நிரோஷன் பொல்லை நீட்டினான்.

"ஐயோ, எனக்கென்னத்துக்கு," என்றபடி ரஜனி அதை வாங்கினார். தலைப்பை இடுப்பில் செருகினார். வரம்பைப் பார்த்தார், குழிக் கொடியைப் பார்த்தார், மறுபடியும் வரம்பைப் பார்த்தார். தட்டினார்.

பந்து உருண்டு வரம்பில் ஏறியது. மேலே போய்ச் சோம்பலாக நின்றது. பிறகு தலையைத் திருப்பி, ஒரு பெரிய வளைவாக இறங்கி, மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் கால்களுக்கிடையால் புகுந்து, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"யா அல்லாஹ்!" என்றார் ஜாபிர்.

நிரோஷன் கைதட்டினான். கிருபாகரன், இத்தனை வருசத்தில் மனைவியை முதன்முறை காண்பவர்போல வாயைப் பிளந்தார். ரஜனிக்கு மட்டும் சந்தோசமில்லை. அந்த ஒரு சாண் அவருடைய கண்ணைக் குத்தியது.

"கொஞ்சம் பலம் காணாது," என்றார். "திரும்ப வையுங்கோ."

திரும்ப வைத்தார்கள். பிறகும் வைத்தார்கள். ஐந்தாம் குழிக்குப் போகும்போது ரஜனியின் செருப்பு கிருபாகரனின் கையில் இருந்தது. காஞ்சிபுரம் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அடித்த பந்து பாதிக்கு மேல் எங்கேயோ போனது, ஒன்று மணற்கிடங்குக்குள் விழ, பின்னால் இறங்கிய அவரைக் கிருபாகரன்தான் இழுத்து ஏற்றினார். அதனாலென்ன? காற்று எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம், அதற்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே கணக்கு.

"ரஜனி," என்று றேணுகா மாமி மூச்சிரைக்கப் பின்னால் வந்தார். "அண்ணை கேட்டவர், மண்டபம் வெள்ளவத்தையிலையோ இல்லாட்டி..."

"ஒரு நிமிசம் றேணுகா, நிழல் விழுது, தள்ளி நில்லுங்கோ."

ஆறாம் குழி மற்றவை மாதிரியில்லை. அடிக்கிற இடத்துக்கு நேர் முன்னால் வீட்டுயர மணற்குன்று. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. ஜாபிர் விளக்கினார். முதலில் இரண்டு பேர் அடித்துவிட்டுக் குன்றைத் தாண்டிப் போக வேண்டும். அந்தப் பக்கம் ஒரு கம்பத்தில் மணி தொங்குகிறது. தாங்கள் விளையாடி விலகியதும் அவர்கள் அந்த மணியை அடிக்க வேண்டும். மணி கேட்காமல் இந்தப் பக்கத்தார் அடித்தால் பந்து யாருடைய தலையிலாவது விழும்.

"நிரோஷன் தம்பியும் மகளும் முதல்ல போகட்டும். நானும் மெடமும் பொறகு," என்றார் ஜாபிர்.

வேறொரு நாளென்றால் ரஜனி இதற்கு விட்டிருப்பாரா? மகளையும் அந்நியப் பெடியனையும் தனியாக, அதுவும் கண்மறைவில்! ஆனால் அந்த நேரம் அவர் ஜாபிரிடம், பந்து குன்றின் வலப்பக்கத்தில் பட்டால் உள்ளே வருமா வெளியே போகுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். "ஓம், ஓம், போங்கோ" என்று கையை மட்டும் அசைத்தார்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பந்தை அடித்துவிட்டுக் குன்றேறி மறைந்தார்கள்.

நேரம் போனது. ஜாபிர் நிலத்தில் மூன்று பந்துகளை வைத்து ரஜனிக்குத் தாழ்வாக அடிக்கிற முறையைக் காட்டினார். ரஜனி ஒன்றை அடித்தார், அது பக்கத்துப் பள்ளத்துக்குள் போனது. அந்தப் பள்ளத்துக்குள்தான் காற்றுக்கு ஒதுங்கிக் கிருபாகரன் ஒரு கிடாயோடு சாய்ந்திருந்தார். "இஞ்சரும், நான் உயிரோடை இருக்கிறன்!" என்று சத்தம் வந்தது.

"மணி அடிக்கேல்லை," என்றார் றேணுகா மாமி.

"கையை மடக்காதீங்க மெடம்."

"ரஜனி, மணி இன்னும் அடிக்கேல்லை. ஒண்டு ரெண்டு பேர் விளையாட இவ்வளவு நேரமோ? நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்."

"விளையாடட்டும் றேணுகா. பெரிய குழியாக்கும். ஜாபிர் நானா, இப்ப சரியோ?" என்றார் ரஜனி. அதற்குள் ஜாபிர் அவருக்கு அண்ணனாகிவிட்டார்.

"இப்ப சரி!"

றேணுகா மாமி தானே ஏறிப் பார்ப்போமென்று குன்றில் கால் வைத்தார். ஓரடி ஏறினால் மணல் இரண்டடி சறுக்கியது. கீழே வந்து, மடங்கிய குடைமேல் உட்கார்ந்தார். கடலில் ஒரு கப்பல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய் முடித்தது. ஆடுகள் மேய்ந்துகொண்டே குன்றின் மேலே போயின, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தன, மரியாதையாகத் திரும்பி வந்தன.

ஒருவழியாக மணி அடித்தது. டாங், டாங், டாங் என்று நீளமாக, தேவைக்கு மேலேயே அடித்தது. றேணுகா மாமி பழக்கதோசத்தில் எழும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரஜனியின் பந்து குன்றின் வலத்தோளில் பட்டு உள்ளே சரிந்தது. அதைத் துரத்திக்கொண்டு அவர் அந்தப் பக்கம் இறங்கியபோது உஷாந்தியும் நிரோஷனும் மணிக் கம்பத்தடியில் நின்றார்கள். இரண்டு பேருடைய கையும் மண். உஷாந்தியின் மூக்கிலும் கொஞ்சம் மண். அவள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கையை விரித்து, குரலை உயர்த்தி, நிறுத்தாமல் சொன்னாள். நிரோஷன் இடையிடையே தலையாட்டினான். மகள் இவ்வளவு கதைப்பாள் என்று ரஜனிக்குத் தெரியாது. பொல்லோடு அப்படியே நின்றுவிட்டார்.

"மெடம், உங்கட பந்து," என்றார் ஜாபிர்.

மிச்சக் குழிகளைக் காற்றுக்கு எதிரே விளையாடித் திரும்பினார்கள். ரஜனி ஏழில் மோசம், எட்டில் அதைவிட மோசம். ஒன்பதில் முப்பது அடிக்கு அப்பாலிருந்து உருட்டிய பந்து குழிக்குள் விழுந்த சத்தத்தைக் கேட்டுச் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார். அடித்த மொத்தக் கணக்கை ஜாபிர் கேட்டபோது, நாகரிகமாகக் கடலைப் பார்த்தார்.

கொட்டிலில் பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் வந்தன. றேணுகா மாமி தலையை ஒதுக்கி, சேலையைச் சரிசெய்து, வந்த வேலையைத் தொடங்கினார்.

"அப்ப ரஜனி, எங்களுக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு. உங்கடை முடிவைச் சொன்னால் அண்ணைக்கு இண்டைக்கே போன் பண்ணிடுவன்."

எல்லோரும் ரஜனியைப் பார்த்தார்கள். ரஜனிக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. அது எப்போதும் அங்கேதான் நிற்கும். ஆனால் மணிக் கம்பத்தடியில் கையை விரித்து நின்ற மகள் கண்ணுக்கு முன்னால் வந்தாள்.

"என்னைக் கேட்டு என்ன," என்றார். "அவளைக் கேளுங்கோ."

கிருபாகரனின் பிஸ்கட் தேத்தண்ணிக்குள் விழுந்தது. உஷாந்தி பழக்கத்தில் அம்மாவின் வாயையே பார்த்தாள். அம்மா உண்மையாகவே நிறுத்திவிட்டார் என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எனக்கு விருப்பம்," என்றாள் பிறகு. "ஆனா உடனை முடிவு சொல்லமாட்டன். இன்னும் ரெண்டு மூண்டு தரம் சந்திக்கோணும். நாங்கள் ரெண்டு பேரும் மட்டும். மற்றது, எனக்கு ஸ்கொட்லாந்திலை போய் இருக்க விருப்பமில்லை. அதை இவரிட்டைச் சொல்லிட்டன்."

"எனக்கும் பெரிய விருப்பமில்லை," என்றான் நிரோஷன். "அங்கை மழை. அதோடை நான் கீறின முதல் மைதானத்திலை இப்ப உருளைக்கிழங்கு நட்டிருக்கினம். அதையும் இவவிட்டைச் சொல்லிட்டன்."

"உருளைக்கிழங்கோ!" என்றார் றேணுகா மாமி. இதை அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

ரஜனி ஒரு முழு பிஸ்கட்டை வாய்க்குள் போட்டார். அதை மெல்லுகிறவரைக்கும் எதையும் சொல்ல முடியாதல்லவா.

திரும்பும்போது வேன் கொட்டாஞ்சேனை நெரிசலில் ஊர்ந்தது. கிருபாகரன் முன் சீட்டில் ஆட்டு மணத்தோடு நித்திரையாகிவிட்டார். ரஜனி காலிலிருந்த மணலைத் தட்டினார்.

"ஆறாம் குழியிலை என்ன, மணி அடிக்க மறந்திட்டியளோ?"

"மறக்கேல்லை அம்மா," என்றாள் உஷாந்தி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "கயிறு என்ரை கையிலைதான் இருந்தது."

ரஜனியின் நெஞ்சுக்குள் கேள்விகள் வரிசையாக எழும்பின. என்ன கதைத்தீர்கள்? அவன் என்ன கேட்டான்? நீ என்ன சொன்னாய்? மூக்கில் எப்படி மண்? உதட்டைக் கடித்துக்கொண்டார். புறக்கோட்டையில் பொறுத்தார். காலிமுகத்திடலில் கடலைப் பார்த்துப் பொறுத்தார். கொள்ளுப்பிட்டியில் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு பொறுத்தார். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. அதற்குமேல் முடியவில்லை.

"பிள்ளை."

"என்னம்மா?"

"அடுத்த தரமும் அங்கைதானே சந்திப்பியள்?"

உஷாந்தி திரும்பிப் பார்த்தாள்.

"இல்லை, நீங்கள் ரெண்டு பேரும் தனியத்தான் போகோணும். நான் உங்களிட்டைக் கிட்டவும் வரமாட்டன், ஒண்டும் கேக்கமாட்டன்," என்றார் ரஜனி அவசரமாக. "நான் ஜாபிர் நானாவோடை ஏழாம் குழியிலை நிப்பன். அதிலை காத்தைப் பிழையாக் கணிச்சுப்போட்டன்."